பொக்கை ராணி

மார்ச் 11, செவ்வாய்.

நேற்று எழுதியதில் ஒரு சின்னத் தவறு. அத்தை கடைசியாகக் கேட்டது தண்ணீர் என்று எழுதியிருக்கிறேன். தண்ணீர் இல்லை, விளக்கு. தண்ணீரும் கேட்டாள், ஆனால் அது அதற்கு முன்னால். போனில் விசாரித்த எல்லோரும் “கடைசியா என்ன கேட்டாங்க?” என்றார்கள். தண்ணீர் என்றதும் அவர்களுக்கு மனசு ஆறியது. சொல்லிச் சொல்லி எனக்கே அப்படிப் பதிந்துவிட்டது. திருத்திக்கொள்கிறேன்.

டைரியில் இதை எழுதிவிட்டு அவள் பேனாவை மூடுவதற்குள் ஹாலிலிருந்து சித்தியின் குரல் வந்தது.

“ஏண்டி, ஆளுங்க வர்றாங்க, நாற்காலி பத்தலை. உள்ள உட்கார்ந்து என்னடி எழுதறே, பரீட்சையா?”

“வரேன் சித்தி.”

அத்தையின் கட்டிலை ஒட்டிக் கிடந்த மர நாற்காலியைத் தூக்கினாள். மூன்று வாரமாக அப்பா அதில்தான் தூங்கினார். மேஜைமேல் ஞாயிறு மாலை வைத்தபடியே அத்தையின் தபால் தலை ஆல்பம் கிடந்தது, பக்கத்தில் புற ஊதா விளக்கு. வருகிறவர்களின் குழந்தைகள் கைவைக்கும் முன் அலமாரிக்குள் வைத்துவிட வேண்டும். நாற்காலியை இறக்கிவிட்டு ஆல்பத்தை எடுத்தவள், அப்படியே நின்றாள்.

வாராவாரம் அத்தையோடு தபால் தலை பார்க்க வரும் கண்ணாடிக் கடைக்காரர், காலையில் இந்த அறையில் தனியாக இருந்தார்.

விடிந்ததும் வந்துவிட்டார். ஹாலில் அத்தையின் காலடியில் சற்று நேரம் நின்றார். பிறகு அப்பாவிடம், “நான் கொஞ்சம் உள்ள உட்காரலாமா?” என்று கேட்டார். அப்பா தலையசைத்தார். வெளியே வரும்போது தோல்பையை மார்போடு அணைத்திருந்தார். போன வியாழக்கிழமையும் அப்படித்தான். மாலை வகுப்பு முடிந்து அவள் வந்தபோது அத்தையின் அறையிலிருந்து பையோடு வெளியே வந்தவர், “மேடம் தூங்கிட்டாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்.

அவளுக்குச் சந்தேகம் புதிதல்ல. அது அவள் வேலை. பகலில் ஒரு லேபிள் அச்சகத்தில் தரம் பார்க்கிறாள். மருந்துப் புட்டி லேபிள் ஆயிரம் ஓடினால் அதில் எது கோணல், எதில் மை கசிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். மாலையில் அச்சுத் தொழில்நுட்ப வகுப்பு. அத்தை அவளை இன்ஸ்பெக்டரம்மா என்றே கூப்பிடுவாள். “இவ காபி குடிக்கிறதுக்கு முன்னாடி டம்ளரைச் சாட்சிக்கூண்டுல ஏத்துவா.”

ஆனால் அத்தையே பெரிய இன்ஸ்பெக்டர். முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள், ஓய்வு பெறுவதற்கு முன்பிருந்தே ஒரே ஒரு வகைத் தபால் தலையைச் சேர்த்தாள். பிரிட்டனில் அன்றாடக் கடிதங்களுக்கு ஒட்டும் சாதாரணத் தபால் தலை. நாட்டின் பெயர்கூட அதில் இருக்காது. ஒரு ராணியின் தலை, ஒரு பக்கமாகப் பார்த்தபடி, மூலையில் ஓர் எண். வருஷக்கணக்கில் அதே தலை.

“ஒரே பொம்பளை, ஒரே பக்கம் பாத்துக்கிட்டு. இதுக்கு ஒன்பது ஆல்பமா?” என்று சித்தி ஒருமுறை கேட்டாள்.

“உன் மூஞ்சியும்தான் வர்றப்பல்லாம் ஒரே மாதிரி இருக்கு. நாங்க பாக்கலையா?” என்றாள் அத்தை.

ஒரே மாதிரி இல்லை என்பதுதான் அத்தையின் கட்சி. ஒன்றில் எண்ணின் ஓரம் லென்ஸுக்கடியில் ரம்பம் மாதிரி தெரியும். குழிவான உருளையில் அச்சடித்தது. இன்னொன்றில் ஓரம் கத்தியால் வெட்டியது போலிருக்கும். அது தட்டையான தகட்டில் அச்சடித்தது. ஒன்றின் தாள் புற ஊதா விளக்கில் பளீரென்று வெள்ளையாக ஒளிரும். இன்னொன்றின் தாள் செத்தது மாதிரி மங்கிக் கிடக்கும். மாலை வகுப்பில் படித்ததையெல்லாம் அவள் அத்தையிடம்தான் வந்து ஒப்பித்தாள். அத்தை பாதி கேட்டு, “இதெல்லாம் உங்க வாத்தியாருக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?” என்பாள்.

அதில் ஒன்று நீலம். மற்ற நீலங்களெல்லாம் விளக்கில் ஒளிர்பவை. அந்த நிறச் சாயலில், மங்கிய தாளில் ஒன்றை அத்தை வெகுகாலம் தேடினாள். கடைசியில் கண்ணாடிக் கடைக்காரர் கொண்டுவந்த ஒரு மூட்டை பழைய அலுவலக உறைகளில் அது கிடைத்தது. கீழ் ஓரத்துத் துளைப் பற்களில் ஒன்று ஒடிந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒதுக்கியிருப்பார்கள். அத்தை அதற்குப் பொக்கை ராணி என்று பெயர் வைத்து, நான்காம் ஆல்பத்தில் தனிப் பக்கம் கொடுத்து, அதன் காகிதப் பட்டைக்குள் சொருகி வைத்தாள்.

ஞாயிறு மாலை அத்தை கேட்டது அதைத்தான். “விளக்கு” என்றாள். பிறகு விரலால் ஆல்பத்தைக் காட்டினாள். அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பக்கத்தை விரித்து மடியில் வைத்து, விளக்கைப் போட்டு அத்தையின் கையில் கொடுத்தாள். ஹாலில் போன் அடித்தது. பேசிவிட்டு வந்து வாசலில் நின்றபோது அத்தை விளக்கை ஆல்பத்தின்மேல் பிடித்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் கைமேல் பிடித்திருந்தாள். நினைவு தப்புகிறது என்று அவள் நினைத்தாள்.

“அத்தை, ஸ்டாம்ப் இங்க இருக்கு.”

“பாத்தாச்சு. அணைச்சிடு. அவன் தூங்கட்டும்.”

அதற்குப் பிறகு அத்தை பேசவில்லை. மறுநாள் விடியும்போது மூச்சு நின்றிருந்தது.

இப்போது அவள் திரையை இழுத்தாள். ஆல்பத்தை விரித்தாள். விளக்கைப் போட்டாள்.

பொக்கை ராணி ஒளிர்ந்தது.

அவள் அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். எதிர்ப் பக்கத்தில் மற்ற நீலங்கள் வழக்கம்போல வெள்ளையாக எரிந்தன. இதுவும் எரிந்தது. இருட்டாக இருக்க வேண்டிய தாள், புதுச் சட்டைக் காலர் மாதிரி நீல வெள்ளையில் மினுங்கியது.

மாற்றிவிட்டார். நல்லதை எடுத்துக்கொண்டு சாதாரணத்தைச் சொருகிவிட்டார்.

“நாற்காலி கேட்டா செஞ்சு எடுத்துட்டு வர்றியாடி?” என்றாள் சித்தி, கதவைத் தள்ளி.

நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டாள். கண்ணாடிக் கடைக்காரர் ஹாலில் இல்லை. பின்கட்டு வாசல்படியில் குடையைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே கொடியில் அத்தையின் படுக்கை விரிப்புகள், வரிசையாக. காலையிலும் அப்பா இரண்டைத் துவைத்துப் போட்டிருந்தார். அம்மா போனதிலிருந்து வீட்டில் துவைப்பது அவர்தான். தன் அக்காவான அத்தையின் துணியை மட்டும் மெஷினில் போட மாட்டார். வாளியில் சோப்புத்தூள் கரைத்துக் கையால் கும்முவார். இப்போது கொடியின் கடைசியில் நின்று ஒரு தலையணை உறையைப் பிழிந்துகொண்டிருந்தார். சாவு வீட்டில் அவருக்கு நிற்க வேறு இடம் தெரியவில்லை.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “சார், வியாழக்கிழமை நீங்க ஆல்பத்தைத் திறந்தீங்களா?”

“திறந்தேம்மா. மேடம்தான் மெதுவா ஒவ்வொரு பக்கமாத் திருப்பச் சொன்னாங்க.”

“இன்னிக்கு?”

“இன்னிக்குத் திறக்கலை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.”

“நீலம் மாறியிருக்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “எந்த நீலம்? பொக்கையா?”

“இப்ப உள்ளது ஒளிருது.”

“பட்டையிலேருந்து எடுத்துத் தனியாப் பாத்தியா?”

திருடனுக்கு இந்த நிதானம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. “எதுக்குப் பாக்கணும்? விளக்குல தெரியுதே.”

“அதை யாராவது தண்ணியில…” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அவர் கண் கொடியின் பக்கம் போயிற்று. விரிப்புகளைப் பார்த்தார். பிறகு அப்பாவை. அப்பா பிழிந்ததை உதறிக் கொடியில் போட்டு, ஓரத்தை நீவிவிட்டார். கண்ணாடிக் கடைக்காரர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் இருந்த முகம் வேறு, இப்போதிருந்த முகம் வேறு.

“அப்பாகிட்ட இதைக் கேட்டியா?”

“இன்னும் இல்லை.”

“கேக்காதே.” பிறகு மெல்ல, “கேக்காதேம்மா. இன்னிக்காவது.”

இதைவிட என்ன வேண்டும்? குற்றவாளி தானே வந்து கையைக் காட்டுகிறார். “உங்க பையில என்ன இருக்கு?” என்று கேட்டுவிட்டாள். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

சித்தி சமையலறை ஜன்னலில் முளைத்தாள். “என்னடி? எது காணோம்?”

“ஒண்ணுமில்லை சித்தி.”

“ஒண்ணுமில்லாததுக்கா பையைக் கேக்கறே? அன்னிக்கே சொன்னேன். வேலை மெனக்கெட்டு ஒரு ஆம்பளை வாராவாரம் வந்து இத்துனூண்டு காகிதத்தைப் பாத்துட்டுப் போறானா? பூனை கருவாட்டைச் சும்மா பாத்துட்டுப் போகுமான்னு கேட்டேன். உங்கத்தை என்னை முறைச்சா.”

கண்ணாடிக் கடைக்காரர் எழுந்தார். பையைத் திறந்து காட்டுவார் என்று எதிர்பார்த்தாள். காட்டவில்லை, கோபப்படவும் இல்லை. “நான் அப்புறம் வரேன்” என்று யாருக்கும் இல்லாமல் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போகாமல் பக்கச் சந்து வழியாகவே தெருவுக்குப் போனார். குடை படியில் இருந்தது.

வண்டி வந்தபோது பெட்டியைத் தூக்க மூன்று பேர்தான் நின்றார்கள். அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார்.

“கண்ணாடிக் கடைக்காரர் எங்கே? கால் பக்கம் அவரு பிடிக்கிறேன்னாரே. அக்காவே சொல்லி வச்சிருந்தா.”

சித்தி அவளைப் பார்த்தாள். கடைசியில் வண்டி டிரைவர் சிகரெட்டை அணைத்துவிட்டு வந்து பிடித்தார். உயரம் சரியில்லாமல் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்பா தன் முனையைத் தாழ்த்திக்கொண்டு, முதுகை வளைத்தபடியே வாசல் தாண்டினார்.

திரும்பி வரும்போது காரில் அப்பாவிடம் சொன்னாள். சித்தி முன் சீட்டில் இருந்தாள்.

“பொக்கை ராணியை மாத்திட்டாங்கப்பா. அதான் அவரு போயிட்டாரு.”

அப்பா ஜன்னலை விட்டுத் திரும்பினார். “மாத்திட்டாங்கன்னு எதை வச்சுச் சொல்றே?”

“விளக்குல மினுங்குது. அது மினுங்கக் கூடாது.”

“மினுங்கினா என்ன? நல்லதுதானே?”

“இல்லப்பா. அது மங்கலா இருக்கிறதுக்குத்தான் அத்தை அத்தனை வருஷம் தேடினா.”

அப்பா தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

“அவரு எடுக்கமாட்டாரு.”

“எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?”

“எடுக்கமாட்டாருன்னா எடுக்கமாட்டாரு.”

“அத்தானுக்கு ஊரே உத்தமம்” என்றாள் சித்தி.

அப்பா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்குள் ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. ஒருவர் கேட்காதே என்கிறார். இன்னொருவர் கேட்டால் கையை ஒளிக்கிறார். மூன்று வாரம் அந்த அறையில் ஆல்பத்தோடு இருந்தது யார்? வாராவாரம் வருகிறவர் இல்லை. நாற்காலியில் தூங்கியவர். அந்த எண்ணம் வந்ததும் அவளுக்குக் காரை நிறுத்தி இறங்கிவிட வேண்டும் போலிருந்தது. ஆனாலும் எண்ணம் போகவில்லை. அப்பா எதற்காக அதைத் தொட வேண்டும்? யாரிடமாவது கொடுத்தாரா? வேறொன்றை எங்கிருந்து வாங்கிச் சொருகினார்? அவருக்கு ஒரு நீலத்துக்கும் இன்னொரு நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாதே?

அந்தியில் சித்தியும் மற்றவர்களும் கிளம்பிப் போனார்கள். பின்கட்டில் அப்பா கொடியிலிருந்து விரிப்புகளை எடுப்பதும், மீதியை வாளியில் அலசுவதும் கேட்டது. அவள் அத்தையின் மேஜைமுன் உட்கார்ந்தாள். காலையில் தான் செய்ததை மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். வகுப்பில் சோதனை தப்பினால் அப்படித்தான் செய்யச் சொல்வார்கள். திரையை இழுத்தேன். ஆல்பத்தை விரித்தேன். விளக்கைப் போட்டேன்.

அங்கேயே தப்பு. அத்தைக்கு ஒரு முறை உண்டு. முதலில் பகல் வெளிச்சத்தில் வெறுங்கண். பிறகு லென்ஸ். விளக்கு கடைசியில்தான். “விளக்கு எடுத்தவுடனே தீர்ப்புச் சொல்லிடும். தீர்ப்பைக் கேட்டப்புறம் யாரும் சாட்சியைக் கூப்பிடறதில்லை” என்பாள்.

ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. இடுக்கியால் நீலத்தைப் பட்டையிலிருந்து உருவினாள். காலையில் அதன் கீழ் ஓரம் பட்டைக்குள் மறைந்திருந்தது.

கீழ் ஓரத்தில் ஒரு பல் இல்லை.

லென்ஸை வைத்தாள். ஒடிந்த இடத்தில் ஒரே ஒரு நார் இடது பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. அத்தை அதை ராணியின் வெற்றிலைக் காம்பு என்பாள். மூலையில் தபால் முத்திரையின் வளைவு, கழுத்தைத் தொடாமல் விலகிப் போனது. எண்ணின் ஓரம் ரம்பம். எல்லாம் அதேதான். யாரும் எதையும் மாற்றவில்லை.

அப்படியானால் எப்படி ஒளிர்கிறது?

புரட்டி முகர்ந்தாள். காகித வாசனை இல்லை. துவைத்த துணியின் வாசனை. ஆல்பத்தின் அந்தப் பக்கத்தைத் தடவினாள். ஓரம் நனைந்து காய்ந்து அலையலையாக இருந்தது. பக்கங்களைத் தைத்த இடுக்கில், எந்தத் துணிக்கும் எட்டாத ஆழத்தில், ஒரு பழுப்புக் கோடு. அத்தையின் இருமல் மருந்து. மூன்றாவது வாரத்தில் அத்தை அதை விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டிருந்தாள்.

திரையை இழுத்து விளக்கைப் போட்டாள். நல்ல ஒளிர் தாள் முகப்பு முழுக்க ஒரே சீராக எரியும். இது முதுகுப் பக்கமும் எரிந்தது. அதுவும் திட்டுத் திட்டாக, ஓரங்களில் தடித்து, தண்ணீர் வற்றிய தடம்போல. சோப்புத்தூளில் துணியை வெளுப்பாகக் காட்டுவதற்கு, இந்த விளக்கில் ஒளிரும் ஒன்றைக் கலப்பார்கள். தாளில் ஏறினால் போகாது. வகுப்பில் முதல் மாதமே சொன்னார்கள். அவள் எழுதி, கீழே கோடுகூடப் போட்டிருந்தாள்.

கதவு திறந்தது. “இருட்டுல என்ன பண்றே?”

அப்பா இரண்டு கையிலும் டம்ளரோடு உள்ளே வந்தார். முகம் தெரியவில்லை. கைகள் மட்டும் தெரிந்தன. நகக்கண்கள், விரல் கணுக்களின் வெடிப்புகள், உள்ளங்கை ரேகைகள், மணிக்கட்டு வரை சுருட்டிய சட்டையின் ஓரம், தோளில் கிடந்த துண்டு, எல்லாம் நீல வெள்ளையில் ஒளிர்ந்துகொண்டு அறைக்குள் நடந்து வந்தன.

அவர் மேஜைக்கு வந்தார். ஆல்பம் விரிந்திருப்பதைப் பார்த்து நின்றார். இரண்டடி பின்னால் போய், டம்ளர்களை எட்டாத தூரத்தில் ஜன்னல் விளிம்பில் வைத்தார். வைத்துவிட்டு, கவிழாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

“சரியா இருக்கா அது?”

“அதேதாம்பா. யாரும் மாத்தலை. நான்தான் சரியாப் பாக்கலை.”

அவர் ‘ம்’ என்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கைகள் முழங்கால்மேல் கிடந்தன, யாரோ மறந்துவைத்துவிட்டுப் போனவை மாதிரி.

“அன்னிக்கு மருந்து கொட்டி, நான் அதை…” என்று தொடங்கி விட்டுவிட்டார். வெளியே கொடிக்கம்பி காற்றில் கிறீச்சிட்டது. பிறகு, “அக்கா அதைக் கடைசியா பாத்தாளா?” என்று கேட்டார்.

“பாத்தாங்க.”

“இந்த விளக்குலயா?”

“ஆமாம்பா.”

“ஏதாவது சொன்னாளா?”

“விளக்கை அணைக்கச் சொன்னாங்க. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. எழுப்ப வேண்டாம்னு சொன்னாங்க.”

அப்பா அசையவில்லை. அந்தக் கைகளில் ஒன்று மெல்ல எழுந்து, முகம் இருந்த இடத்துக்குப் போய், அங்கேயே நின்றது.

அவள் விளக்கை அணைத்தாள்.

மார்ச் 11, இரண்டாம் பதிவு.

இன்றைய தவறு: முறை மாற்றிச் சோதித்தேன். பட்டையிலிருந்து எடுத்துப் பார்க்காமல் முடிவு செய்தேன்.

நாளை: அச்சகத்துக்குப் போகும் முன் கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டும். ஷட்டர் எப்போது திறப்பார் என்று தெரியாது. திறக்கும்வரை வெளியே நிற்க வேண்டும். நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். எப்படி ஒளிர்ந்தது என்று அவர் கேட்கமாட்டார். நானாகவும் சொல்ல வேண்டாம். திரும்பும்போது சித்தி வீட்டுக்குப் போய் அவளிடமும் தப்பு என்று சொல்ல வேண்டும், அவள் மற்றவர்களிடம் சொல்வதற்குள். குடை பின்படியில் இருக்கிறது. அதை மறக்கக் கூடாது.